ரவிக்கைத் துணியில் கொலுவுக்குத் தோரணமும் தொம்பையும்

நவராத்திரி முடிந்ததும் கொலு வைக்கிற வீட்டு பீரோவில் ஒரு கட்டு ப்ளவுஸ் பிட் சேர்ந்துவிடும். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. பல 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். மெல்லிய துணி என்பதால் தைத்துப் போட்டுக்கொள்ளவும் ஆகாது. கொலுவுக்கு வேண்டிய தோரணம், தொம்பை இரண்டையும் இந்தத் துணியிலேயே தைத்துவிடலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியவை நூல், நாடா, கொஞ்சம் ஆர்.ஓ. டியூப், இவ்வளவுதான்.

தேர்த்திருவிழா பார்த்தவர்களுக்குத் தொம்பை தெரியும். திருவாரூர் ஆழித்தேரைச் சுற்றி உருளை உருளையாகத் தொங்குமே, அவைதான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேர்ச்சீலை தைக்கிறவர்கள் செய்கிற வேலை அது. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்று அழுத்தமான நிறங்கள். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத் துண்டை வைத்துத் தைத்திருப்பார்கள். இந்த ஐந்து நிறத்துக்குள் நின்றுகொண்டால் வீட்டில் தைப்பதும் அழகாக வரும். ரோஸ், ஊதா, ஜரிகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தால் பொம்மைகள் எடுபடாமல் போய்விடும்.

துணி அலங்காரம் தொய்வதற்கும் முறுக்கிக்கொள்வதற்கும் துணி மலிவு என்பது காரணமில்லை. இழை ஓடுகிற திசை பார்க்காமல் வெட்டுவதுதான் காரணம். கடையில் கிழிக்காமல் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துணியின் ஓரம் நேராக இருக்கும் என்று நம்பவே கூடாது. பருத்தி என்றால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு கொடுத்துக் கிழித்துப் பாருங்கள், இழையோடு நேராகக் கிழியும். பாலியஸ்டர் கலந்தது அப்படிக் கிழியாமல் போகலாம். அதற்கு ஓர் ஊடை (குறுக்கு) இழையை உருவி, அது விட்டுப்போன கோட்டில் வெட்டுங்கள். கரை ஓடுகிற திசை எப்போதும் மேலிருந்து கீழாக வரவேண்டும்.

வெட்டுமுன் துணியை நனைத்து, ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும்தான் பெரும்பாலும் சாயம் விடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், அதை நம்பி வெள்ளையோடு சேர்த்துத் தைக்க வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். பல முறை அலசியும் தெளியாவிட்டால் அந்தத் துணியைக் கறுப்பு, சிவப்பு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தோரணத்துக்கு அடி 6 இன்ச், நீளம் 7 இன்ச் என்று முக்கோண அட்டை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். ப்ளவுஸ் பிட் ஏறக்குறைய 31 இன்ச் நீளம், 35 இன்ச் அகலம். நீளவாட்டில் 7 இன்ச் வரிசையாக நான்கு வரும். ஒவ்வொரு வரிசையிலும் முக்கோணத்தை நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று மாற்றி மாற்றி வரைந்தால் பத்து விழும். ஆக 40 துண்டு, துணியும் வீணாகாது. பூ, கிளி அச்சிட்ட துணியாக இருந்தால் தலைகீழாக வந்தவற்றைப் பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டிரண்டாக நல்ல பக்கம் உள்ளே வர வைத்து, சாய்ந்த இரண்டு ஓரங்களையும் கால் இன்ச் விட்டுத் தைக்க வேண்டும். சாய்ந்த ஓரம் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, இருப்பதால் இழுத்தால் நீளும். தைக்கும்போது துணியைப் பிடித்து இழுக்காமல் மிஷின் இழுக்கிற வேகத்துக்கே விடுங்கள். நுனியில் ஒரே புள்ளியில் சட்டென்று திருப்பினால் புரட்டிய பிறகு அங்கே மொத்தையாக நிற்கும். நுனியில் குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டுத் திருப்புங்கள். அதற்கு வெளியே உள்ள துணியைத் தையலை ஒட்டி நறுக்கிவிட்டுப் புரட்டினால் முனை கூர்மையாக வரும். புரட்டிய மடலின் அகலம் சுமார் 5½ இன்ச் இருக்கும். ஒன்றரை இன்ச் இடைவெளி விட்டு ஒரு இன்ச் நாடாவை மடித்து, அதற்குள் கொடுத்துத் தைத்தால் 20 மடலுக்குச் சுமார் 11½ அடித் தோரணம். கட்டுவதற்கு இரண்டு பக்கமும் ஒரு அடி நாடா விடுங்கள். எலாஸ்டிக், சாட்டின் ரிப்பன் எதுவும் நாடாவுக்கு மாற்றாகாது. நடுவில் வயிறு போட்டுத் தொங்கும்.

தொம்பைக்குப் பொறுமை வேண்டும். இரண்டு தொம்பை, அதாவது ஒரு ஜோடிக்கு, இரண்டு நிறத்தில் இரண்டு ப்ளவுஸ் பிட் போதும். முதல் நிறத்தில் அகலம் 17 இன்ச், உயரம் 16 இன்ச் என்று உடம்புத் துண்டு இரண்டு. இரண்டாவது நிறத்தில் ஃப்ரிலுக்கு 3 இன்ச் அகலத்தில் துணியின் முழுக் குறுக்களவுக்கு இரண்டு பட்டை. கீழே சுற்றிலும் தொங்கும் நாக்குக்கு 2½க்கு 4½ இன்ச் அளவில் 32 துண்டு. இரண்டிரண்டாகச் சேர்த்து, கீழ்ப்பக்கம் வளைவாகத் தைத்துப் புரட்டினால் தொம்பைக்கு எட்டு நாக்கு வரும், ஒவ்வொன்றும் 2 இன்ச் அகலம்.

துணியை முதலிலேயே குழாயாக மூட்டிவிட்டால் பிறகு மிஷினில் எதுவும் தைக்க முடியாது. மேல்வேலை எல்லாம் துணி விரித்த நிலையில் முடிய வேண்டும். கீழ் ஓரத்திலிருந்து 2 இன்ச் மேலே ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கமும் அரை இன்ச் விட்டுவிட்டு, எட்டு நாக்கையும் தொடுத்தாற்போல் வைத்துத் தையுங்கள். அவற்றின் பிசிறு ஓரத்தை அரை இன்ச் நாடாவால் மூடிவிடலாம். மேலே அதேபோல் 2 இன்ச் கீழே ஃப்ரில். ஃப்ரில் பட்டையின் கீழ் ஓரத்தை முதலில் மடித்துத் தைத்துவிட்டு, மேல் ஓரத்தில் மிஷினைப் பெரிய தையலில் வைத்து, கால் இன்ச் இடைவெளியில் இரண்டு ஓட்டம் விட்டு, இரண்டின் பாபின் நூலையும் (அடிநூல்) சேர்த்து இழுங்கள். ஒரே ஓட்டம் விட்டால் நூல் அறும், சுருக்கமும் ஓரிடத்தில் குவியும். 35 இன்ச் பட்டை 17 இன்ச்சுக்குச் சுருங்கும். மெல்லிய துணிக்கு இந்த இரட்டைச் சுருக்கமே நிறைவாக இருக்கும். நடுவில் தாமரையோ கிளியோ வைக்கிறதென்றால் மைதாப் பசையால் ஒட்டிக் காயவிட்டு ஓரம் தையுங்கள். ஃபெவிகால் காய்ந்தால் ஊசி இறங்காது.

இப்போது பக்கவாட்டை அரை இன்ச் விட்டு மூட்டுங்கள். சுற்றளவு 16 இன்ச். மேலும் கீழும் கால் இன்ச் மடித்து, மறுபடி முக்கால் இன்ச் மடித்துத் தைத்தால் வளையம் போகப் பாதை கிடைக்கும். கீழ்ப் பாதையைத் தைக்கும்போது நாக்குகளை மேலே தூக்கிக் குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து தைபட்டுவிடும். இரண்டு பாதையிலும் 2 இன்ச் திறந்தே இருக்கட்டும்.

வளையத்துக்கு ஆர்.ஓ. தண்ணீர் மிஷினுக்குப் போடுகிற கால் இன்ச் டியூப் நன்றாக உதவும். சுருளாகவே வருவதால் தானாக வட்டமாக நிற்கும். ஒன்றுக்கு 15¾ இன்ச் வெட்டி, பாதைக்குள் விட்டு, இரண்டு முனையையும் ஒரு குச்சியை இறுக்கமாகச் செருகிச் சேர்த்துவிட்டுத் திறப்பைக் கையால் தையுங்கள். கொத்தனார் லெவல் பார்க்கிற டியூப் துவளும், வேண்டாம். தொம்பையை இதைவிட உயரமாக, 18 இன்ச்சுக்கு மேல் தைத்தால் நடுவில் இடுப்பு சிறுத்துவிடும். அங்கே மூன்றாவது வளையம் தேவை.

மேல் வளையத்தை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் நான்கு புள்ளி கிடைக்கும். நான்கிலும் சம நீளக் கயிறு கட்டி மேலே ஒரே முடிச்சு. இரண்டு கயிற்றில் தொங்கவிட்டால் ஒரு பக்கம் சாயும். கயிறு சரியாக இருந்தும் உடம்பில் சுழலாக மடிப்பு விழுகிறதென்றால் அது இழை மாறி வெட்டிய துணி. கஞ்சி போட்டாலும் அது நேராகாது, உடம்பை மட்டும் புதிதாக வெட்ட வேண்டியதுதான்.

படிக்கு எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்று போதும். 9 இன்ச் உயரம், 10 இன்ச் அகலம் உள்ள ஐந்து படிக்கு 95 இன்ச், மேலேயும் கீழேயும் செருக 16 இன்ச். மேலிருந்து கீழே விரித்து, ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் கனமான அட்டைப்பட்டை ஒன்றை அழுத்தி வைத்த பிறகே அடுத்த படிக்கு இறங்குங்கள். இல்லாவிட்டால் கீழே ஒரு பொம்மையை நகர்த்தும்போது துணி இழுபட்டு மேலே மரப்பாச்சி விழும்.

விளக்கிலிருந்து தொம்பையும் தோரணமும் குறைந்தது மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும், காற்றில் ஆடினாலும் அந்தப் பக்கம் போகாத இடத்தில். துணி எது என்று தெரியாவிட்டால் நாலு இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். உருகியது மேலே ஒட்டினால் காயம் ஆழமாகப் போகும். குழந்தைகள் ஓடியாடுகிற கூடத்தில் பாலியஸ்டரைத் தவிர்ப்பது நல்லது.

மடல்கள் விறைப்பாக நிற்க லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசி போட்டுக் காய்ச்சி, வடிகட்டிய கஞ்சியில் தோரணத்தை முக்கி எடுக்கலாம். ஆனால் கஞ்சியோடு பரணில் ஏற்றினால் கரப்பானும் எலியும் தேடி வரும். விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளை எடுத்து வைக்கும்போதே எல்லாவற்றையும் அலசி, நன்றாகக் காயவைத்து விடுங்கள். தொம்பையை மேலிருந்து அழுத்தினால் வளையத்தின் மேல் வளையம் அமர்ந்து தட்டையாகிவிடும். பழைய வேட்டித் துண்டில் சுற்றி, நடுவில் வசம்புத் துண்டு இரண்டு வைத்து, பொம்மைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அடியில் வைத்தால் பொம்மைகளின் கனத்தில் டியூப் நசுங்கி வட்டம் போய்விடும்.