அமெரிக்க வரலாறு அரியர்: அந்த 11 நாட்களை விட்டுவிடாதீர்கள்

நேற்று ரிசல்ட் வந்தது. எம்.ஏ. அமெரிக்க வரலாறு, இரண்டாவது முயற்சியில் 71. போன முறை 43. ஏழு மார்க்குக்காக ஆறு மாதம் போன வலி அரியர் வைத்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே கேள்விதான் வந்தது: வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் ஐரிஷ் குடியேறிகளின் விசுவாசமும் கத்தோலிக்கப் படைக் குருக்களின் பங்கும். முதல் முறை அருட்தந்தை வில்லியம் கார்பியை மட்டுமே எழுதினேன். 1863 ஜூலை 2, கெட்டிஸ்பர்க். வடக்கின் ஐரிஷ் படைப்பிரிவான ஐரிஷ் பிரிகேட் கோதுமை வயலுக்குள் இறங்கப்போகிறது. 88ஆவது நியூயார்க் ரெஜிமெண்டின் குருவான அவர் பாறைமேல் ஏறி நின்று, மண்டியிட்ட வீரர்களுக்குப் பொதுப் பாவமன்னிப்பு தருகிறார். கொடியைக் கைவிட்டு ஓடுபவனுக்குத் திருச்சபை கிறிஸ்தவ அடக்கம் தராது என்றும் சொல்கிறார். சுமார் 530 பேரில் ஏறக்குறைய 200 பேர் அன்றே மாண்டார்கள், காயப்பட்டார்கள், காணாமல் போனார்கள். படிக்கும்போதே கண் கலங்கும். அந்த வேகத்தில், ஐரிஷ்காரர்கள் வடக்குக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்று முடித்துவிட்டேன்.

அங்கேதான் மார்க் போனது. சரியாக 11 நாள் கழித்து, ஜூலை 13 அன்று, அந்த ரெஜிமெண்டின் ஊரான நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. அதில் ஐரிஷ் தொழிலாளர்கள் ஏராளம். 300 டாலர் கட்டினால் பணக்காரன் தப்பிக்கலாம். விடுதலை பெறும் கறுப்பர்கள் தங்கள் கூலிவேலைக்குப் போட்டியாக வருவார்கள் என்ற பயம் வேறு. அந்தக் கோபத்தில் கறுப்பர்களைக் கொன்றார்கள், கறுப்பின அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே பக்கத்தில் வைக்காமல் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

எனக்கு மனப்பாடம் வராது. அதனால் விடைத்தாளில் முதலில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்:

1862 செப்டம்பர் 17: ஆன்டீட்டம் சண்டை
டிசம்பர் 13: ஃப்ரெடரிக்ஸ்பர்க் சண்டை, பிரிகேட் நொறுங்கிய நாள்
1863 ஜனவரி 1: அடிமைகள் விடுதலைப் பிரகடனம்
மார்ச் 3: ஆள்சேர்ப்புச் சட்டம்
ஜூலை 2: கெட்டிஸ்பர்க், ஜூலை 13: கலவரம்

கோட்டைப் பார்த்தாலே விசுவாசம் எங்கே தேய்ந்தது என்று தெரியும். மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் இவை:

– பேராயர் ஜான் ஹியூஸ்: 1861இல் வடக்குக்காக ஐரோப்பா போனவர், கலவரத்தின் முடிவில் கூட்டத்தை அமைதிப்படுத்தப் பேசியவரும் அவரே. இரண்டையும் எழுதுங்கள்.
– அருட்தந்தை ஜான் பேனன்: தெற்கின் படைக் குரு. 1863இல் அயர்லாந்துக்கே போய், வடக்கின் படையில் சேராதீர்கள் என்று பிரச்சாரம் செய்தார். குருக்கள் எல்லோரும் ஒரே பக்கம் இல்லை என்பதற்கு இவர் ஒருவரே போதும்.
– 1850களின் நோ-நத்திங் கட்சி: கத்தோலிக்கர்மேல் இருந்த வெறுப்பைச் சொல்லாமல், ஐரிஷ்காரர்கள் போர்க்களத்தில் தங்களை நிரூபிக்க ஏன் துடித்தார்கள் என்று விளக்கவே முடியாது.

இந்த முறை கார்பிக்கு ஆறு வரிதான் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் ஜூலை 13க்கு இடம் வேண்டியிருந்தது.