தாழ்ந்து நிற்கும் ஹகோசுகா

ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1/24 அளவில் தயாரிக்கும் நிஸ்ஸான் ஸ்கைலைன் 2000 ஜிடி-ஆர் காரின் பிளாஸ்டிக் மாதிரி கிட்டைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். ரசிகர்கள் ஹகோசுகா என்று அழைக்கும் இந்தக் காரின் இரண்டு கதவு வடிவம் 1970இல் வெளிவந்தது, 4.33 மீட்டர் நீள வண்டி மேசையின் மீது 18 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மையான காரில் 24 மில்லிமீட்டர் என்பதால், சக்கர அச்சு பொருந்தும் இடத்தை இரண்டு மில்லிமீட்டர் மாற்றினாலே வண்டியை ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்தியதாகிவிடும். அதற்கு மேல் போனால் சக்கரம் உடற்பகுதியில் இடிக்கக்கூடும் என்பதால், பசையைத் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் டேப்பால் பொருத்திப் பார்த்துவிடுவது நல்லது.

வண்ணம் தீட்டுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அச்சு வார்ப்பில் மயிரிழைபோல் விழுந்திருக்கும் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து நீக்காவிட்டால், பளபளப்பான பூச்சு அதை இன்னும் எடுத்துக்காட்டும். அடிப்பூச்சான பிரைமர் காய்ந்தபின் வெள்ளி நிறத்தை மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றுக்கும் காய அவகாசம் கொடுத்து அடிக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் லாக்கர் வகை வண்ணப்பூச்சு வெளுத்துவிடும் என்பதால் மழை நாளில் ஸ்ப்ரே கேனை நான் எடுப்பதே இல்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள குரோம் பட்டைகளுக்கு எந்த வெள்ளி வண்ணமும் ஈடாகாது. பசை தடவிய மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டி, பல்குச்சியால் நீவி, புதிய பிளேடால் ஓரம் வெட்டினால்தான் அசல் உலோகத்தின் ஒளி கிடைக்கும். கண்ணாடிகளை மட்டும் சூப்பர் குளூவால் ஒட்டக் கூடாது, அதன் ஆவி வெண்படலமாகப் படிந்துவிடும்.