ஒரு கையால் திறக்கும் கூடு: நாட்குறிப்பு

ஜனவரி 9

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் இடது கை பழைய நிலைக்கு வரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு வலது கையால் மூடியை இழுக்கிறார். இன்று அது தெறித்து, கண்ணாடி தரையில் விழுந்தது. யாரிடமும் கேட்காமல் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். ஒரு கையால் திறக்கும் கூடு செய்யப் போகிறேன்.

ஜனவரி 27

3டி பிரிண்டரில் நாலாவது மாதிரி. பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் மூடியைத் தூக்குகிறது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கு" என்றார் அம்மா. ஆனால் அவர் அழுத்தும்போது கூடு மேசையில் வழுக்கிக்கொண்டு போனது, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி கேட்பதைக் குறைத்துக்கொண்டு கையைப் பார்க்க வேண்டும். அடியில் ரப்பர் பட்டை தேவை.

பிப்ரவரி 14

பதினோராவது மாதிரி. பொத்தானின் இடம், ஸ்பிரிங்கின் விசை, மூடியின் விளிம்பு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன். நன்றாகத் திறக்கிறது, ஆனால் எந்த மாற்றத்தால் என்று தெரியவில்லை. பையில்லாத வாக்குவம் கிளீனருக்காக ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்தார். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் என்பது அவர் வழி. அந்த எண்ணிக்கையின் காரணம் இன்றுதான் எனக்குப் புரிந்தது. பழைய மாதிரியிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.

மார்ச் 3

காப்புரிமை விண்ணப்பம் போட்டாயிற்று. அதற்கு முன் பொதுவில் காட்டிவிட்டால் பல நாடுகளில் புதுமை என்ற தகுதியே போய்விடும். மற்ற நாடுகளில் விண்ணப்பிக்க இன்றிலிருந்து 12 மாதம்.

மார்ச் 12

மோல்டு, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் எஃகு அச்சு, செய்யும் பெரியவரைப் பார்த்தேன். மாதிரியின் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "சாய்வு எங்கே தம்பி?" என்றார். என் சுவர்கள் நேர் செங்குத்து. சூடான பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி உள் அச்சைக் கவ்விப் பிடிக்கும், 1 அல்லது 2 பாகை சாய்வாவது இல்லாவிட்டால் உரசிக்கொண்டுதான் வெளியே வரும். பிரிண்டரில் வார்ப்பு அச்சே கிடையாது என்பதால் இந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை.

அடுத்து, "ஏன் ஏழு பாகம்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து, பாகங்களைக் குறைக்கப் பொறியியல் ஆய்வாளர்கள் பூத்ராய்டும் டூஹர்ஸ்டும் சொன்ன மூன்று கேள்விகளை ஒவ்வொரு பாகத்திடமும் கேட்டேன். இது மற்றதிலிருந்து தனியே அசைய வேண்டுமா? வேறு பொருளால்தான் செய்ய வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைப் பூட்டவோ கழற்றவோ முடியாதா? திருகுகள் உடனே தோற்றன. கீல் அச்சாணி தோற்றது. கடைசியில் ஸ்பிரிங்கும். ரப்பர் பட்டை மட்டும் தப்பியது.

மார்ச் 30

இப்போது கூடும் மூடியும் ஒரே வார்ப்பு. நடுவில் 0.3 மில்லிமீட்டர் தடிமனில் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கீல். திறந்த நிலையிலேயே வார்ப்பதால், கொக்கி விட்டதும் மூடி தானே கொஞ்சம் எழும்புகிறது. அம்மாவின் விரல் நுழைய அந்த இடைவெளி போதும். ஸ்பிரிங் செய்த வேலையைக் கீலே செய்துவிடுகிறது!

பிரிண்டரில் எடுத்த கீல் நாலாவது மடிப்பில் உடைந்தது. கவலைப்படவில்லை, அடுக்கடுக்காகப் படிந்த பிளாஸ்டிக் அப்படித்தான். வார்த்த கீல் வேறு. உருகிய பிளாஸ்டிக் அந்த மெல்லிய இடுக்கைக் கடந்து ஓட வேண்டும், பிறகு சூடு ஆறுவதற்குள் ஒருமுறை மடிக்க வேண்டும். அப்போது மூலக்கூறுச் சங்கிலிகள் மடிப்புக்குக் குறுக்கே நீண்டு வரிசைப்படும், கீல் உறுதியாகும். சீக்கிரம் நிரம்பட்டுமே என்று இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உள்ளே வரும் வழி வைக்கலாமா என்று கேட்டேன். பெரியவர் மறுத்துவிட்டார். இரண்டு பக்க ஓட்டமும் கீலில் வந்து சந்தித்தால் அந்தத் தையலிலேயே கிழியும். ஒரு பக்க வழிதான்.

ஜூன் 6

முதல் டிரையல். மெஷின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி நானே மடித்தேன். கை சூடு இன்னும் இருக்கிறது. கீல் அருமை. 160 மில்லிமீட்டர் நீளத்தில் பாலிப்ரோப்பிலீன் 1.5 சதவீதம் சுருங்கினாலே 2.4 மில்லிமீட்டர் போய்விடும், அதைக் கணக்கில் வைத்துத்தான் அச்சைப் பெரிதாக வெட்டியிருந்தார்கள். நீளம் சரியாக வந்திருக்கிறது.

கொக்கி தொளதொளவென்று இருந்தது. பெரியவர் அதை எதிர்பார்த்தே செய்திருக்கிறார். கொக்கி என்பது எஃகில் ஒரு பள்ளம். பள்ளத்தைப் பிறகு ஆழமாக்கலாம், தூர்ப்பதுதான் கடினம். அதனால் முதலில் குறைவாகவே வெட்டியிருந்தார். 0.15 மில்லிமீட்டர் கூட்டினால் போதும்.

மேல்மூடியில் மூன்று குழிவுக் கோடுகள். இது என் பிழை. மூடியை உள்ளே தாங்கும் விலாக்களை, அதாவது மெல்லிய முட்டுகளை, சுவரின் பாதித் தடிமனில் வை என்று அவர் சொன்னார். பலம் குறையுமே என்று பயந்து சுவரின் அளவே 2 மில்லிமீட்டர் வைத்தேன். தடித்த இடம் மெதுவாக ஆறி, வெளித்தோலை உள்ளே இழுத்துவிட்டது. விலாவும் எஃகில் பள்ளம்தான், ஆனால் இதைக் குறுக்க வேண்டும். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்து வேறு எஃகுத் துண்டு பொருத்த வேண்டியிருக்கிறது. மூன்று வாரம். அவர் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 2

இரண்டாவது டிரையல். மூடி வழவழப்பாக இருக்கிறது, கொக்கி 'டக்' என்று விழுகிறது. பழைய டிரையல் கூடு ஒன்றைத் தினமும் மடித்து எண்ணிக்கொண்டு வருகிறேன். நேற்று 5,000 தாண்டியது, கீல் வெளுத்திருக்கிறது, கிழியவில்லை.

அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார், ஆள்காட்டி விரலால் தூக்கினார், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மூடும்போது மட்டும் கொக்கி விழ இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. மூடியின் முன்விளிம்பில் கட்டைவிரல் பதிய ஒரு குழி வேண்டும். அதற்கு எஃகில் சேர்க்க வேண்டுமா, வெட்ட வேண்டுமா என்று காலையில் பெரியவரிடம் கேட்க வேண்டும்.