அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியம்

குழந்தை இயேசுவின் புனித தெரேசா, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1897 ஜூன் மாதத்தில், பிரான்சின் லிசியு நகரில் தாம் வாழ்ந்த கார்மேல் துறவு மடத்தின் தலைவி மரி தெ கொன்சாகுக்காக எழுதிய பக்கங்களில் ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறார். அந்தச் சகோதரியின் பேச்சு, பழக்கம், குணம் எதுவுமே தெரேசாவுக்குப் பிடிக்காது. அதனாலேயே, தாம் மிகவும் நேசிக்கும் ஒருவருக்கு என்னென்ன செய்வாரோ அத்தனையையும் அவருக்குச் செய்வதென்று தீர்மானித்தார். எதிரே வரும்போதெல்லாம் அவருக்காகச் செபித்தார். சுடுசொல் நாவில் வந்தால் புன்னகைத்துப் பேச்சை மாற்றினார். அதுவும் முடியாமல் போனால் களத்தைவிட்டு ஓடும் படைவீரனைப் போல ஓடிவிட்டார். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் அந்தச் சகோதரியே முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறீர்களே, என்னிடம் அப்படி என்ன உங்களைக் கவர்கிறது என்று கேட்டுவிட்டார். உங்களைப் பார்ப்பதில் மகிழ்ச்சி, அதனால் சிரிக்கிறேன் என்றார் தெரேசா. அது ஆன்மிக நோக்கிலான மகிழ்ச்சி என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் லேபில் அதே கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. கேட்டவள் என்னோடு லேபில் வேலை பார்த்து, சாம்பிள் சேகரிப்பு மையத்துக்கு மாற்றலாகிப் போகிறவள். "எல்லாரும் என்கிட்ட வெடுக்கு வெடுக்குன்னு பேசுவாங்க. நீங்க மட்டும்தான் அக்கா ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. என்கிட்ட அப்படி என்னக்கா பிடிச்சுது உங்களுக்கு?" என்றாள். "உன்னைப் பார்த்தா எனக்குச் சந்தோஷமா இருக்கும்மா" என்று சொன்னேன். தெரேசாவின் பதிலை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்த மாற்றல் உத்தரவுக்குப் பின்னால் என் வார்த்தையும் இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

அவளை எனக்குப் பிடிக்கவில்லை என்பதில் ஒளிவுமறைவு வேண்டியதில்லை. இரவு ஷிப்ட் முடித்து அவள் வைத்துவிட்டுப் போகும் ஹேண்டோவர் நோட்டில் எந்த நாளும் "எல்லாம் ஓகே" என்றுதான் இருக்கும். அனலைசரைத் திறந்தால் சோதனைத் திரவமான ரீஏஜென்ட் அடிமட்டத்தில் கிடக்கும், கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் கன்ட்ரோலை ஓட்டியிருக்கமாட்டாள். ஒரு காலையில், பச்சிளங்குழந்தை ஒன்றின் மஞ்சள்காமாலையை அளக்க எடுத்த பிலிரூபின் சாம்பிள், மூடி மறைக்கப்படாமல், ஜன்னலோர ரேக்கில் வெயில் பட நின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டால் அளவு குறைத்துக் காட்டும் என்பது முதலாண்டு மாணவிக்கும் தெரியும். வார்டுக்குப் போய், அந்தக் குழந்தையின் குதிகாலில் மறுபடியும் குத்தி எடுத்து, டியூபைக் கறுப்புத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தேன். குழந்தை வீறிட்டு அழுதது. தாய் என்னைத்தான் முறைத்தாள். அன்று மாலை சாம்பிளை அப்படி விட்டுப்போனவள் ஷிப்டுக்கு வந்தபோது, மனத்துக்குள் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி, சிரித்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாம்பிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் புண்ணியமாகத்தான் அப்போது எண்ணினேன். எங்கள் பங்கில் தியானம் நடத்த வருகிறவர்களும் இதைத்தான் போதிக்கிறார்கள்: பெரிய தவங்கள் வேண்டாம், பிடிக்காதவரிடம் ஒரு புன்னகை போதும், அதுதான் சிறு வழி. 24 வயதில் காசநோயால் இறந்த ஒரு பெண்ணைத் திருச்சபை 1997-ல் மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தின் பேராசிரியர், என்று அறிவித்தது எதற்காக என்று கேட்டால், பெரும்பாலும் இந்தப் புன்னகையையும் ரோஜாப் பூக்களையும்தான் சொல்வார்கள். பிறகு ஒரு நாள் எங்கள் பொறுப்பு மருத்துவர் என்னை அழைத்து, இரவு ஷிப்டில் யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை மையத்துக்கு அனுப்பலாம் என்று கேட்டார். நோட்டைப் பற்றிச் சொன்னேன். ரீஏஜென்டைப் பற்றியும் குழந்தையின் சாம்பிளைப் பற்றியும் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நோயாளியின் ரிப்போர்ட் எங்கள் நட்பையும் பகையையும்விடப் பெரிது. கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை, அவள் மேல் இருந்த எரிச்சலில் பேசவும் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். கொஞ்சமும் எரிச்சல் இல்லை என்றா? அவ்வளவு உறுதியாக முடியாது.

ஆனால் மருத்துவரிடம் சொன்ன எதையும் அவளிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நான் அவளுக்கு மேலதிகாரி இல்லை, கண்டிப்பது என் வேலையும் இல்லை. தெரேசாவும் அந்தச் சகோதரியைத் திருத்தப் போகவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அங்கேதான் சிக்கல். அதே பக்கங்களில் இன்னொரு சம்பவமும் வருகிறது. நவதுறவியராக, அதாவது துறவுப் பயிற்சியில், இருந்தபோது தெரேசாவின் தோழியாக இருந்த சகோதரி மார்த்தா, மடத்தலைவியின் மேல் அளவுமீறிய பாசம் கொண்டு, எஜமானைச் சுற்றும் நாய்க்குட்டியைப் போல ஒட்டிக்கொண்டிருந்தார். இருபது வயதுகூட ஆகாத தெரேசா, 1892-ல், தம்மைவிட ஏழெட்டு வயது மூத்த அவரை உட்காரவைத்து, இது அன்பல்ல, உன்னையே நீ தேடிக்கொள்வது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அப்போது தலைவியாக இருந்தவர் அதே மரி தெ கொன்சாக். விஷயம் அவர் காதுக்குத் தவறாகப் போயிருந்தால் தெரேசாவின் நிலை என்னவாகியிருக்கும் என்பது மடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பின்னாளில் நவதுறவியரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு வந்தபோதும், பிறரைக் கண்டிப்பதைவிட ஆயிரம் முறை கண்டிப்புப் பெறுவது தமக்கு மேல் என்று எழுதினார். எழுதிவிட்டு, கண்டிக்கவும் செய்தார்.

ஆக, பிடித்தவருக்கு உண்மையும் பிடிக்காதவருக்குப் புன்னகையும் கிடைத்திருக்கின்றன. இதில் யார் அதிகம் நேசிக்கப்பட்டவர் என்று நான் பலமுறை யோசித்துப் பார்க்கிறேன். கூடவே இருந்த உடன்பிறந்த அக்கா மரியாவே, தன்னைவிட அந்தப் பிடிக்காத சகோதரியைத்தான் தெரேசா அதிகம் நேசிக்கிறாள் என்று மனத்தாங்கல் பட்டிருக்கிறார் என்றால், அந்தப் புன்னகையைச் சாதாரண நடிப்பு என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சகோதரி, புனித அகுஸ்தினாரின் தெரேசா, புனிதர் பட்டத்துக்கான விசாரணையில் சாட்சி சொன்னார். தங்களுக்குள் இருந்த புனித நட்பைப் பற்றி நினைவுகளும் எழுதிவைத்தார். ஏமாந்துபோனார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரேசா அவரைப் பற்றி வேறெங்கும் போய் வேறுவிதமாகப் பேசவில்லை; எழுதிய இடத்திலும் பெயரைச் சொல்லவில்லை, கடவுளுக்கு மிகவும் உகந்த துறவி என்றுதான் எழுதினார். மறைத்து வைத்தது தம்முடைய வெறுப்பை மட்டுமே. நான் மறைத்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை.

இப்படி எழுதியதும் என்மேல் நானே அநியாயமாகப் பேசுகிறேனோ என்றும் படுகிறது. மடத்தில் வாழ்நாள் முழுவதும் ஒரே சுவருக்குள் இருக்கப்போகிறவர்களின் கணக்கு வேறு. எங்கள் லேபில் ஒரு வாய்த்தகராறு எழுந்தால் அதன் விலையைக் காலை ஓபியில் வரிசையில் நிற்பவர்கள்தான் கொடுப்பார்கள். நான் சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருப்பாளா? மற்றவர்கள் வெடுக்கென்று சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லையே. அதற்கும் உடனே ஒரு மறுப்பு வருகிறது: அவர்கள் சிரித்ததில்லை. ஒரு நாளும் முகம் சுளிக்காத ஒருத்தி சொன்னால் ஒருவேளை ஏறியிருக்கும். அந்தச் சிரிப்பால் சேர்த்து வைத்த நம்பிக்கை முழுவதும் என் கையில் இருந்தது. அதைச் செலவழிக்க மனம் வரவில்லை.

போன வாரம் அவள் போனில் பேசினாள். வேறொரு மருத்துவமனையில் இரவு ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறார்களாம். விசாரிக்க என் பெயரையும் எண்ணையும் கொடுக்கலாமா என்று கேட்டாள். தாராளமாகக் கொடு என்றேன். அவர்கள் அழைத்தால் என்ன சொல்வேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் அதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டு, அந்த நோட்டைப் பற்றியும் பிலிரூபின் சாம்பிளைப் பற்றியும், மருத்துவரிடம் நான் பேசியதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்த வாரம் எனக்கே இரவு ஷிப்ட். முடிந்ததும் பேசலாம் என்றிருக்கிறேன்.