கொய்னாவின் அடியில்

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையில் 1962-ல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். உடனே சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவில் பெரிய நடுக்கம். தக்காணம் அசையாது என்று நம்பியிருந்தவர்களை அது உலுக்கியது.

ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தில் ஹர்ஷ் குப்தா பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தார். அந்தப் பொறுமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. மழைக்காலத்தில் அணை நிரம்பும், அப்புறம் நடுக்கங்கள் கூடும். நீர் பிளவுகளுக்குள் இறங்கி அழுத்தத்தைக் கூட்ட, ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பாறை வழுக்கிவிடுகிறது. அதை அருகிலிருந்தே பார்க்க, அங்கே 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையும் போட்டார்கள்.

இந்தியாவின் 2002 நிலநடுக்க அபாய வரைபடத்தில் கொய்னா நான்காம் மண்டலம், அதாவது அபாயம் அதிகமுள்ள பகுதி. அணை கட்டும் பொறியாளர்கள் இந்த ஆய்வுகளைக் கட்டாயம் படிக்க வேண்டும்.