ஒற்றைப் பெயரும் 120 கிரெடிட்டும்

போன வாரம் என் பி.ஏ. பட்டம் தபாலில் வந்தது. இரண்டரை வருடம் ஆகிவிட்டது. படிப்பைவிடப் பேப்பர்கள்தான் என்னை அதிகம் படுத்தின. அதனால் அதைத்தான் விவரமாக எழுதப் போகிறேன்.

ஊரில் டீச்சர் டிரெய்னிங் முடித்து ஆறு வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். அமெரிக்கா வந்த பிறகு டேகேரில் உதவி ஆசிரியை. டிகிரி இல்லாமல் இங்கே அரசுப் பள்ளியில் டீச்சராகச் சேர வழியில்லை, நாலு வருடம் கல்லூரிக்குப் போகக் கையில் பணமும் இல்லை. பி.ஏ. பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு அலகுகள், வேண்டும். வகுப்புக்குப் போகாமல் கிளெப் என்ற தேர்வுகளை எழுதியே அதில் ஒரு பகுதியைச் சேர்க்கலாம் என்று என்னுடன் வேலை பார்த்த அக்கா ஒருவர்தான் சொன்னார். தாமஸ் எடிசன், எக்செல்சியர், சார்ட்டர் ஓக் ஆகிய மூன்று கல்லூரிகளும் வெளியே வாங்கிய கிரெடிட்டைத் தாராளமாக ஏற்றுக்கொள்பவை. அதில் ஒன்றில் சேர்ந்தேன். தேர்வுக் கட்டணம் 100 டாலருக்குள்தான். மாடர்ன் ஸ்டேட்ஸ் தளத்தில் இலவசப் பாடத்தை முடித்தால் அதற்கும் வவுச்சர் கொடுத்துவிடுகிறார்கள்.

முதல் தேர்வு கல்வி உளவியல். பியாஜே, ஸ்கின்னர் எல்லாம் தமிழில் படித்ததுதான், ஆங்கிலச் சொற்களை மட்டும் புதிதாக மனப்பாடம் செய்தேன். அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, தேர்வு மையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என் டிரைவிங் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கள் முதல் பெயர் எஃப்என்யூவா?" என்று கேட்டார்.

நம்மில் பலருக்கு இது தெரிந்த கதைதான். இந்தியப் பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. விசா அடிக்கும்போது இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக எஃப்என்யூ என்று போட்டுவிட்டார்கள். லைசென்ஸிலும் அதுவே ஏறிவிட்டது. நானோ தேர்வுக்குப் பதிவு செய்யும்போது என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து எழுதியிருந்தேன். அப்பா பெயர் லைசென்ஸில் எங்குமே இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினேன், மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். "பெயர் ஒத்துப்போகவில்லை, உள்ளே விட முடியாது" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மையத்துக்குக் கட்டிய 30 டாலர் போயிற்று. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

பதிவில் பெயரைத் திருத்த மூன்று முறை ஃபோன் செய்ய வேண்டியிருந்தது. அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவு செய்யுங்கள். எஃப்என்யூ என்று இருந்தால் எஃப்என்யூ என்றே போடுங்கள். மானம் பார்க்காதீர்கள்.

மூன்று வாரம் கழித்து அதே கவுன்டர், அதே ஆள். இந்தத் தடவை ஒரு பேச்சும் இல்லாமல் உள்ளே விட்டார். முடித்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிடும். 20 முதல் 80 வரை கொடுப்பார்கள், 50 எடுத்தால் பொதுவாக கிரெடிட் உண்டு. எனக்கு 67!

ஆனால் அந்த மூன்று கிரெடிட் கணக்கில் ஏறவே இல்லை. ஊரில் படித்த டிரெய்னிங் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அதில் இருந்த கல்வி உளவியல் பாடத்துக்கு ஏற்கெனவே கிரெடிட் கொடுத்துவிட்டார்களாம், ஒரே பாடத்துக்கு இரண்டு முறை தர மாட்டார்களாம். மதிப்பீடு வருவதற்குள் நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் ஆலோசகருக்கு மெயில் போட்டு, 'இது எந்தக் கட்டத்தில் உட்காரும்?' என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டினேன். ஃபோனில் சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

சமூகவியல், மனித வளர்ச்சி, அமெரிக்க அரசு, இயற்கை அறிவியல் எல்லாம் சுலபமாக முடிந்தன. மாட்டிக்கொண்டது கட்டுரைத் தேர்வில். 70 நிமிடத்தில் இரண்டு கட்டுரை. இரண்டாவதில் அவர்கள் கொடுக்கும் இரண்டு பகுதிகளையும் எடுத்தாண்டு எழுத வேண்டும். எது யார் சொன்னது என்று குறிக்காமல் என் கருத்தாகவே எழுதித் தள்ளிவிட்டேன். 46. தோற்றால் அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் குழந்தைகள் மதியம் தூங்கும் நேரத்தில், இருட்டறையில் தினம் ஒரு கட்டுரை நோட்டில் எழுதிப் பார்த்தேன். அடுத்த முறை 58.

இன்னும் இரண்டு விஷயம். கிளெப்பில் கிடைப்பது பெரும்பாலும் கீழ்நிலை கிரெடிட், அதாவது பட்டப் படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களுக்கானது. மேல்நிலைக்கு, கிளெப் போலவே கிரெடிட் தரும் டிஎஸ்எஸ்டி தேர்வுகள் சிலவும் ஆன்லைன் வகுப்புகளும் எடுத்தேன். கடைசியில் கேப்ஸ்டோன் என்ற பட்டத்தின் இறுதி வகுப்பைக் கல்லூரியிலேயே படிக்க வேண்டியிருந்தது. எல்லாத் தேர்வுக்கும் சேர்த்து ஆன செலவைவிட அது அதிகம், முதலிலேயே எடுத்து வையுங்கள். அப்புறம், இந்தத் தேர்வுகளில் கிரெடிட் உண்டு, கிரேடு கிடையாது. டீச்சர் லைசென்ஸுக்கு ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) கேட்கும் மாநிலத்தில் இருந்தால், கல்லூரியில் எடுக்கும் ஓரிரண்டு வகுப்பின் கிரேடுதான் உங்கள் ஜிபிஏ. அதில் அசட்டையாக இருக்கவே கூடாது. பி.ஏ. மட்டும் லைசென்ஸ் ஆகிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

பட்டமளிப்பு விண்ணப்பத்தில் சான்றிதழில் எப்படிப் பெயர் அச்சிட வேண்டும் என்று கேட்டார்கள். எஃப்என்யூ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புதல் மெயிலும் வாங்கி வைத்தேன். உறையைப் பிரித்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். என் பெயர், பக்கத்தில் அப்பா பெயர்.