நிற்கும் காலும் நிறுத்தும் காலும்

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

காலால் ஆடும் ஃபுட்பேக் விளையாட்டுக்கான பை வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது, குறுக்களவு 5 செ.மீ. இருக்கும். மெல்லிய செயற்கைத் தோலை 32 துண்டுகளாக வெட்டி, நெருக்கமாகக் கையால் தைத்து, உள்ளே மணல் நிரப்பியிருக்கிறார்கள். மேசையில் போட்டால் உருளுவதில்லை. போட்ட இடத்திலேயே சற்றுச் சப்பையாகி உட்கார்ந்துவிடுகிறது. ஃபுட்பேக்கில் ஃப்ரீஸ்டைல், அதாவது பையைக் காலில் நிறுத்தியும் எழுப்பியும் வித்தை காட்டும் வகை, பழக நினைப்பவர்கள் மணல் பையைத் தேடி வாங்குவது இதற்காகத்தான். பொம்மைக் கடையில் தொங்கும், நூலால் பின்னிய, பிளாஸ்டிக் மணி அடைத்த பைகள் நாலு பேர் வட்டமாக நின்று உதைத்து விளையாட நன்றாக இருக்கும். காலில் நிறுத்தப் பார்த்தால் துள்ளிப் போய்விடும்.

அமெரிக்காவின் ஒரேகன் சிட்டியில் குடியிருந்துகொண்டு இந்த விளையாட்டைத் தொடாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. 1972-இல் இதே ஊரில்தான் இது தொடங்கியது. மைக் மார்ஷல் என்பவர் கையால் செய்த சிறு பையை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார். முழங்காலில் அடிபட்டுத் தேறிவந்த ஜான் ஸ்டால்பெர்கர், காலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று அவருடன் சேர்ந்தார். அதற்கு ஹேக்கி சேக் என்று பெயர் வைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1975-இல், மார்ஷல் மாரடைப்பில் இறந்துபோனார். நண்பரின் பையை ஸ்டால்பெர்கர் கைவிடவில்லை. காப்புரிமை வாங்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய், 1983-இல் ஃப்ரிஸ்பீ தட்டு தயாரிக்கும் வாம்-ஓ நிறுவனத்திடம் உரிமையை விற்றார். இன்று ஐரோப்பாவில் இதை வெறியோடு ஆடுகிறார்கள். அது பிறந்த ஊரில் என் தெருவில் ஒருவரும் ஆடிப் பார்த்ததில்லை. அந்தக் குறையை என்னளவில் தீர்க்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

முதல் பாடம் டோ ஸ்டால். பையைக் கையால் நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் போட்டு, கால் விரல்களுக்கு மேலே ஷூவின் முன்பகுதியில் விழவைத்து, அங்கேயே நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் ஸ்டால், உதைத்தால் கணக்கில் வராது. கேட்க எளிதாக இருக்கிறது. பை ஷூவில் பட்டு 'டப்' என்று சத்தம் போட்டு முன்னால் ஓடுகிறது. சத்தம் கேட்டாலே அது நிற்கப்போவதில்லை என்று தெரிந்துவிடுகிறது. நின்றபோது சத்தமே இல்லை.

செப்டம்பர் 14, சனி

காலை முழுதும் சத்தத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பை காலைத் தொடும்போது ஏறத்தாழ நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் முழுவதையும் அசையாத பாதத்தில் ஒரே கணத்தில் கொட்டினால் பை எகிறத்தான் செய்யும். பாதமும் பையோடு சேர்ந்து ஒரு சாண் கீழே இறங்கினால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நான் வளர்ந்த ஊரில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் கீழிருந்து வீசும் செங்கல்லைச் சாரத்தில் நிற்பவர் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல் கைக்கு வந்த பிறகும் கை கல்லின் வழியிலேயே சற்றுத் தூரம் போகும்.

எனவே பாதத்தை முழங்கால் உயரத்துக்கு முன்கூட்டியே தூக்கி, பையை அங்கே சந்தித்து, அதனோடு இறங்க வேண்டும். தரையருகே பாதத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தால் இறங்க இடமே இருக்காது.

மாலையில் மகளுடன் உட்கார்ந்து காணொளிகள் பார்த்தேன். செக் நாட்டு வீரர் வாட்ஸ்லாவ் கிளௌடா, பலமுறை உலகப் பட்டம் வென்றவர். எனக்கு அவருடைய பாதங்களைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. மகள்தான் சொன்னாள்: "அப்பா, காலைப் பார்க்காதீர்கள். தலையைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தாழ்ந்து தாழ்ந்து எழுகிறது."

திரும்பவும் ஓடவிட்டோம். பை காலில் அமரும்போதெல்லாம் அவர் உடம்பு முழுவதும் தாழ்கிறது. தாழவைப்பது தரையில் ஊன்றிய காலின் முழங்கால்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அதேதான். ஊன்றிய காலை மடக்கி இறங்கினால் பை நிற்கிறது. நிமிர்ந்து விறைத்து நின்றால் ஓடுகிறது. பூங்காவில் இருட்டும்வரை இதையே செய்தேன். வலது காலில் நிறுத்தும்போது தொடை வலிப்பது இடது பக்கம்! வேலை எந்தக் காலில் நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

செப்டம்பர் 21, சனி

ஷூ. ஓடுவதற்கென்று வாங்கியதன் முனை வளைந்து கூராக இருக்கிறது. பை சரிந்து விழ வழி செய்து கொடுக்கிறது. ஃப்ரீஸ்டைல் ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாக விரும்பி அணிவது அடிடாஸின் ராட் லேவர் என்ற டென்னிஸ் ஷூ. முன்பகுதி அகலமானது, தட்டையானது. அதிலும் கீழ்ப்பக்கத்துத் துளைகளில் கயிறு கோக்காமல் விட்டு முன்பகுதியை இன்னும் விரித்துக்கொள்கிறார்கள். நானும் பழைய டென்னிஸ் ஷூ ஒன்றில் அப்படிச் செய்து பார்த்தேன். விரல்களுக்கு மேல் ஒரு சிறு பள்ளம் விழுந்தது. பை அதில் போய் அமர்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்சைடு ஸ்டால். பாதத்தின் உட்பக்கத்தைக் கூரை நோக்கித் திருப்பி, கணுக்கால் எலும்புக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பையை வாங்க வேண்டும். முழங்கால் வெளியே விரிய வேண்டும். சம்மணமிட்டு வளர்ந்த நமக்கு இடுப்பு இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. டோ ஸ்டாலைவிட விரைவில் பிடிபட்டது. கணுக்காலைத் தளரவிடக்கூடாது என்பது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. பாதம் சற்றுச் சரிந்தாலும் பை உள்ளே வழுக்கி ஊன்றிய காலின் மேல் விழுகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

நவராத்திரி. கூடத்தில் கொலு. "பொம்மைகள் இருக்கும்வரை அந்தப் பையை இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்" என்று வீட்டில் உத்தரவு. நியாயமான உத்தரவு. காரை வெளியே நிறுத்திவிட்டு அதன் கொட்டகையை நான் எடுத்துக்கொண்டேன்.

அவுட்சைடு ஸ்டால் தொடங்கியிருக்கிறேன். பாதத்தின் வெளி விளிம்பு மேல்நோக்கி இருக்க வேண்டும், முழங்கால் உள்நோக்கித் திரும்ப வேண்டும், பை உடம்புக்குப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கூடிவருவதில்லை. சுண்டுவிரலை ஷூவுக்குள் மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் விளிம்பு தட்டையாகிறது என்பது இன்று தெரிந்த சேதி.

அக்டோபர் 17, வியாழன்

மழை பிடித்துவிட்டது. இனி வசந்தம்வரை இப்படித்தான். ஈரமான புல்லில் விழுந்தால் மணல் நீரை உறிஞ்சிப் பை கனத்துவிடும், வெளியே ஆடுவதற்கில்லை. சிமென்ட் தரையில் ஆடுவதில் ஓர் ஆதாயம், விழுந்த பை விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. குனிந்து எடுக்காமல் காலாலேயே ஏந்தி எழுப்பவும் முயன்று வருகிறேன்.

அக்டோபர் 26, சனி

கிளிப்பர். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

வலது கால் இடது காலுக்குப் பின்னால் குறுக்கே போகிறது. உட்பாதம் மேலே திரும்பி உடம்பின் இடப்பக்கம் வெளியே நீள்கிறது. பை அங்கே வந்து அமர வேண்டும். கால் தெரியாத இடத்தில் பையை நம்பி விடுவதாகத் தொடக்கத்தில் தோன்றும். உண்மையில் இடது இடுப்பின் ஓரமாகக் குனிந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. பார்ப்பதற்காகக் குனியும்போதே ஊன்றிய முழங்கால் மடங்கிவிடுகிறது. பையை நேராக முன்னால் எறிந்தால் எட்டாது. இடது தோளுக்கு நேர் கீழே இறங்கும்படி போட வேண்டும்.

முதலில் பை இல்லாமல், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, காலை மட்டும் பின்னால் கொண்டுபோய்ப் பழகினேன். பாதம் தரைக்குக் கிடையாக வந்த பிறகுதான் பையை எடுத்தேன். கடைசியில் ஒருமுறை அமர்ந்தது. ஷூவின் உட்பக்கத் தையலுக்கு மேலே, பக்கங்கள் பிதுங்கி, மணல் ஒருபுறமாக ஒதுங்கி, அசையாமல். நானும் அசையவில்லை. மகளைக் கூப்பிட்டேன், அவள் வந்து பார்க்கும்வரை நின்றது.

நவம்பர் 3, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தாயிற்று. ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஃப்ரீஸ்டைலில் வித்தைகளின் கடினத்தை 'ஆட்' என்ற எண்ணால் குறிக்கிறார்கள். நிறுத்தினால் ஒன்று, காலை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோனால் இன்னொன்று, பை காற்றில் இருக்கையில் அதைச் சுற்றிக் காலை வீசினால் இன்னொன்று. இந்தக் கணக்கில் டோ ஸ்டால் 1, கிளிப்பர் 2. கடினமான வித்தை எதுவும் தனிச் சரக்கல்ல, இந்தச் சிறு கூறுகளின் கூட்டுதான். பட்டர்ஃபிளை, வேர்ல் போன்றவையெல்லாம் கிளிப்பரில்தான் வந்து முடிகின்றன. அதனால் கிளிப்பரை அரைகுறையாக வைத்துக்கொண்டு மேலே போவதில் எனக்குச் சம்மதமில்லை. காணொளியில் பார்த்ததைக் கண்டபடி முயலும் இளைஞர்களிடம் யாராவது இதைச் சொன்னால் நல்லது.

நவம்பர் 16, சனி

டோ ஸ்டாலில் நிறுத்தி, அங்கிருந்து பையை எழுப்பி, கிளிப்பரில் வாங்கி, திரும்பவும் டோ. கையே படாமல். எழுப்புவதற்குச் செட் என்று பெயர். ஸ்டாலைப்போல் அதற்கும் உதை கூடாது. மடங்கிய முழங்கால் நிமிரும் வேகத்திலேயே பை மேலே போகிறது. இறங்கி வாங்கிய அதே கால் ஏறி அனுப்புகிறது. நன்றாக அமைந்த ஸ்டாலில் அடுத்த செட் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கோணலாக நின்ற பையை நேராக எழுப்ப முடிவதில்லை.

வலது கிளிப்பர் இப்போது பெரும்பாலும் கிடைக்கிறது. இடது கிளிப்பர் இன்னும் இல்லை, ஏனென்றால் அதற்கு ஊன்ற வேண்டியது வலது கால். அந்த முழங்கால் மடங்கத் தயங்குகிறது. பையைச் சுற்றிக் காலை வீசும் அரௌண்ட் த வேர்ல்டைப் புத்தாண்டுக்கு முன் தொடப்போவதில்லை. நாளையிலிருந்து இடது கிளிப்பர் மட்டும், முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு.